தேசிக்காய் பார்த்த முழங்கால்

புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த ஹரோவில் சனிக்கிழமை என்றால் தமிழ் வகுப்பு. 2006ஆம் ஆண்டில் அது முழங்கால் கிழமையாகிவிட்டது. பாரிசிலிருந்து வந்திறங்கிய பாலேந்திரா சுவாமிகள் ஒரு வாடகை மண்டபத்தில் இருந்துகொண்டு, முழங்காலில் தேசிக்காயை, அதுதான் எலுமிச்சம்பழத்தை, வைத்தே நோயைக் கண்டுபிடித்தார். வெளிப்பக்கம் உருண்டால் செய்வினை. உட்பக்கம் உருண்டால் கண்ணூறு. உருண்டையான முழங்காலில் உருண்டையான தேசிக்காய் உருளாமல் உட்கார்ந்து தேவாரமா பாடும்? ஒருவரும் கேட்கவில்லை. கணக்காளர்களும் பொறியியலாளர்களும் வரிசையில் நின்றார்கள்.

தவநாயகியும் மகளைக் கூட்டிக்கொண்டு நின்றாள். மகள் தக்ஷிகா நடனத்தில் அரைமண்டி போடும்போதெல்லாம் முழங்கால் சிரட்டை வெளிப்பக்கம் வழுகி, பிள்ளை அலறி விழுந்தாள். அரங்கேற்றத்துக்கு இன்னும் நாலு மாதம். ஆஸ்பத்திரியில் படமெடுத்துப் பார்த்து, தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். சுவாமியோ, வெள்ளைக்காரர் கை பட்டால் செய்வினை எலும்புக்குள் இறங்கும் என்றார். அவளும் இரண்டு தவணை போகவில்லை. மூன்றாவது தவணை இன்றைக்கு மூன்று மணிக்கு. அதையும் தவறவிட்டால் பெயரை வெட்டுவோம் என்று கடிதம் வந்திருந்தது. அந்தக் கடிதத்துக்கும் விபூதி போடுவிக்கலாம் என்று கைப்பையில் வைத்திருந்தாள், பாவம்.

காரோட்டி வந்தவர் அவளுடைய அண்ணன் யோகலிங்கம். சற்றுச் சாய்ந்து நடக்கிற மனிதர்.

“தங்கச்சி, முதல் என்ர காலைப் பாக்கட்டும். சரியாச் சொன்னா நானும் மூன்று மணியை மறக்கிறன்.”

அவர் எந்தக் காலை நீட்டுகிறார் என்று தவநாயகி கண்டாள். தடுக்க எடுத்த கையால் சுவாமியைக் கும்பிட்டாள். சுவாமிக்குத் தெரியாததா?

காற்சட்டையை மடிக்க வேண்டாம், ஞானப்பார்வை துணியைத் துளைக்கும் என்றார் சுவாமி. தேசிக்காய் வெளிப்பக்கம் உருண்டது. கண்ணை மூடினார்.

“கடும் செய்வினை. சிரட்டை விலகி, நரம்பு சுருண்டு கிடக்குது.”

“இரத்தம் ஓடுதோ சாமி?”

“சுடச்சுட ஓடுது.”

யோகலிங்கம் காற்சட்டையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்கால் இருக்கவேண்டிய இடத்தில் ஓர் இரும்புப் பிணைச்சல். அதற்குக் கீழே பிளாஸ்டிக். ஊரில் போர்க்காலத்தில் ஷெல் விழுந்து தொடையோடு போன கால் அது.

“ஆஸ்பத்திரிக்காரர் தந்த கால் சாமி. இதில எந்த நரம்பு சுருண்டது?”

சுவாமி தண்ணீர் குடிக்க உள்ளே போனார். பின்கதவு அடிபட்ட சத்தம் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு கணக்காளர், போன காலின் ஆவியைத்தான் சுவாமி பார்த்திருப்பார் என்று பக்கத்திலிருந்தவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

தவநாயகிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு தவணை! பிள்ளையின் காலை வைத்தல்லவா விளையாடியிருக்கிறாள்.

“அண்ணை, காரை எடுங்கோ. இப்ப போனா மூன்றுக்குப் பிடிக்கலாம்.”

பிடித்தார்கள். அரங்கேற்றம் மட்டும் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. தக்ஷிகா தினமும் தொடைக்குப் பயிற்சி செய்தாள். சிரட்டையும் இருந்த இடத்தில் இருக்கப் பழகியது.

மண்டபத்துக்கு அடுத்த மாதமே வேறொரு சுவாமி வந்துவிட்டார். இவர் இடுப்புக்குத் தேங்காய் உருட்டுகிறாராம். வரிசை வாசல்வரை நிற்கிறதாம். ஐயாமாரே, அம்மாமாரே, விலகின சிரட்டைக்குப் பயிற்சி இருப்பதுபோல விலகின புத்திக்கும் ஒன்று உண்டு. அதற்குப் பெயர் யோசித்தல். பழக்கமில்லாதவர்களுக்கு முதல் இரண்டு நாள் கொஞ்சம் நோகும்.