ஸ்பிரிங் அண்ணன் வாயைத் திறக்காத படம்

துப்பாக்கிச் சண்டை உள்ள ஒரு படத்தை நிம்மதியாகப் பார்த்து முடித்தவர் எங்கள் ஊர் புந்தோங்கில் ஒருவர்கூட இல்லை. அதற்கு முழுக் காரணம் ஸ்பிரிங் அண்ணன்தான்.

இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். பாய் கடையில் தொலைக்காட்சிக்கு நேர் கீழே உட்கார்ந்து, தே தாரிக் தேநீரை ஆறவிட்டு, சுண்ணாம்பு மலைகளில் மேகம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பாதித் தூக்கம், பாதிக் கனவு. ஆனால் திரையில் எவனாவது "கிளிப் காலி" என்று சொல்லிவிட்டால் போதும், மனிதர் விழித்துக்கொள்வார்.

"அது கிளிப் இல்லலா. மேகசின்."

உடனே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய ஸ்ட்ராக்களை எடுப்பார். "இது கிளிப். தோட்டாவ ஒண்ணா சேத்துப் பிடிக்கும், அவ்ளோதான்." பிறகு மேசையில் இருக்கும் டிஷ்யூ பெட்டி. "இது மேகசின். உள்ள ஸ்பிரிங் இருக்கு. ஒண்ணு போனா அடுத்தத மேல தள்ளும். பழைய ரைபிள்ல கிளிப்ப வச்சு அமுக்கித்தான் மேகசின்ல தோட்டா ஏத்துவோம்." செய்முறை விளக்கம் முடியும்போது பாயின் டிஷ்யூ பாதி தரையில் கிடக்கும்.

"அண்ணே, படம் முடிஞ்சிருச்சு" என்பேன்.

"வில்லன் செத்துட்டானா?"

"எப்பவோ."

அண்ணனுக்குச் செமோரில் பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கதைதான். தொலைக்காட்சியில் சண்டை ஓட, பெண்ணின் அப்பா "கிளிப் மாத்துறான்" என்று சொல்லித் தொலைத்தார். அண்ணன் அவர்கள் வீட்டு பிஸ்கட் டின்னைக் காலி செய்து பாடம் நடத்தினார். மாப்பிள்ளை தங்கமானவர், ஆனால் வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பாரோ என்று பயமாக இருக்கிறது எனச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பிறகுதான் சரோஜா அக்கா பேச்சு வந்தது. எங்கள் பக்கத்திலேயே தையல் கடை வைத்திருப்பவர். ஒரு படம் பார்த்துப் பேசிப் பழகட்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். கிடைத்ததோ சண்டைப் படம். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ பின்னால உக்காரு. நான் வாயத் திறந்தா சீட்ட உதை. இதுவும் போச்சுன்னா, கடைசி வரைக்கும் தனியாத்தான்லா."

வெளியே மதிய மழை. தியேட்டருக்கு உள்ளே குளிரும் இருட்டும், எல்லோரும் ஒரே கனவுக்குள் இருப்பது போல. திரையில் கதாநாயகன் அலறினான், "இன்னொரு கிளிப் குடு!"

அண்ணனின் கழுத்து விறைத்தது. நான் காலைத் தூக்கினேன். அவர் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டார்.

சரோஜா அக்கா திரும்பினார். "ஏங்க, உடம்பு சரியில்லையா? ஒண்ணும் சொல்ல மாட்றீங்க?"

"ஒண்ணுமில்லங்க."

"பாய் கடைக்கு ரொட்டி தாப்பாவ் பண்ணி வீட்டுக்கு எடுத்துட்டுப் போக வர்றப்பல்லாம் நீங்க பேசுறத நின்னு கேப்பேன். ரொட்டி ரெடியானாலும் போக மாட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "அட்டையில வரிசையா குத்தி வச்ச ஊக்கு மாதிரி இருந்தா, அதுதானே கிளிப்? இவன் துப்பாக்கியில போட்டது ஸ்பிரிங் வச்ச பெட்டி. மேகசின்தானே?"

நான் காலை மெதுவாகக் கீழே வைத்தேன். அண்ணன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"ஆமாங்க" என்றார்.

அவ்வளவுதான். அந்த மனுஷன் இத்தனை சுருக்கமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. பின்வரிசையில் இருந்து பார்த்தால் அவருடைய பின்னந்தலை மட்டும்தான் தெரிந்தது. அவர் சிரிக்கிறார் என்பது அதிலேயே தெரிந்தது. எனக்குத்தான் கண் கலங்கி, மீதிப் படம் சரியாகத் தெரியவில்லை.