குலசாமி பாஸ்வேர்டு

கப்பலூர் ஷெட்டில் அப்போது இருந்தவர்கள்: முதலாளி நல்லகாமன், டீ கொண்டுவந்த மாயக்காள், வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத சூரியபிரகாஷ். வெளியே, பில் இல்லாமல் நகர முடியாத லாரி. சுவருக்கு அந்தப் பக்கம் நல்லகாமனின் அண்ணன் பேயாண்டி. பாகம் பிரித்ததிலிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. பேசாததால் இன்டர்நெட் லைனை மட்டும் பிரிக்கவில்லை.

"பில் போடுற சைட்டு தொறக்கலடா. லாரி நின்னுச்சுன்னா நாளைக்கு நீ வராத."

"டிஎன்எஸ் கோளாறுண்ணே. சைட்டு பேரச் சொன்னா நம்பர எடுத்துக் குடுக்கணும். நம்ம லினக்ஸு கம்ப்யூட்டரு குடுக்க மாட்டேங்குது."

"பேரு தெரியுது, ஆளு தெரியலங்குதா?"

"அதேதாண்ணே."

மூலையில் இருந்த கம்ப்யூட்டரின் கீபோர்டில் பாதி எழுத்து விழவில்லை. சூரியபிரகாஷ் தன் லேப்டாப்பிலிருந்தே லைன் வழியாக அதற்குள் போகப் பார்த்தான். 'சோணையா' என்று கம்ப்யூட்டரின் பெயரைத் தட்டினான். பாஸ்வேர்டும் முதலாளியின் அந்தக் குலசாமி பெயர்தான். உள்ளே விட்டது.

பெயர் தேடும் சர்வீஸை நிறுத்தினான்.

சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம். "ஏய், நெட்டு போச்சுய்யா!"

நல்லகாமனின் முகம் மலர்ந்தது. "அவனுக்கும் போச்சா? நல்லா வேணும்."

மூலைக் கம்ப்யூட்டரில் சைட் இன்னும் திறக்கவில்லை. சூரியபிரகாஷ் டிஎன்எஸ் விவரம் இருந்த பழைய ஃபைலை அழித்துப் புதிதாக எழுதி, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டினான்.

"எவன்டா அது என் கம்ப்யூட்டர்ல கை வைக்கிறது?" என்று சுவருக்கு அப்பாலிருந்து பேயாண்டி கத்தினார்.

"மாப்ள, நீ வந்த ராசி, அவனுக்குக் கெரகம் புடிச்சிருச்சு!" என்றார் நல்லகாமன்.

"கடேசியா ஒண்ணுண்ணே. ரீஸ்டார்ட்."

தட்டினான். லேப்டாப்பில் தொடர்பு அறுந்தது.

"ஐயோ! காலையிலருந்து அடிச்ச கொட்டேஷன் அம்புட்டும் போச்சே!" என்று சுவருக்கு அப்பால் அலறல்.

சூரியபிரகாஷ் மூலையைப் பார்த்தான். அங்கிருந்த கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

மாயக்காள் காலி டம்ளரை எடுத்தாள். "அங்கிட்டு இருக்க கம்ப்யூட்டருக்கும் சோணையான்னுதான் தம்பி பேரு. ரெண்டு பேருக்கும் ஒரே குலசாமிதான?"

பேயாண்டி வாசலில் நின்றிருந்தார். சூரியபிரகாஷின் சட்டைக் காலரைப் பிடித்துத் தன் ஷெட்டுக்குள் இழுத்துப்போனார். காப்பாற்றுவார் என்று அவன் திரும்பித் தன் முதலாளியைப் பார்த்தான். நல்லகாமனும் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். பாகம் பிரித்த பிறகு முதல் முறையாக அண்ணனிடம் வாய் திறந்தார்.

"அண்ணே, ஒன் கம்ப்யூட்டர சரி பண்ணி முடிச்சதும் இவன எனக்கு அனுப்பு. அதுவரைக்கும் விட்றாத, பூட்டு."

சூரியபிரகாஷுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது.