கரண்ட் போகாத வாரம்

“மாப்பிள்ளைக்கு ஏழாம் இடத்துல பார்த்தீங்கன்னா…” என்று கதிரேசன் இழுத்த அதே நொடியில் கம்ப்யூட்டர் அணைந்துபோனது. மேசை விளக்கும் கூடவே அணைந்தது.

“அடடா, கரண்ட் போச்சே! கிரகம் இன்னைக்குப் பேச மாட்டேங்குது. அடுத்த வாரம் வாங்கம்மா,” என்று அவர் கும்பிட்டார். வந்த அம்மாள் முகம் வாடிப்போய் மாடிப்படி இறங்கினாள்.

வாசலோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சின்னராசுவுக்குக் கை பரபரத்தது.

டன்லப் தெருவில் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது கதிரேசனின் கம்ப்யூட்டர் ஜோதிட நிலையம். டோக்கன் கொடுப்பது, ஜாதகத்தை பிரிண்ட் எடுப்பது, கோப்பி வாங்கி வருவது, இதெல்லாம் சின்னராசுவின் வேலை. அதற்கு முன்னால் ஜூரோங் கப்பல் பட்டறையில் இருபத்தாறு வருஷம் எலெக்ட்ரீஷியன். அங்கே ஆள் குறைத்தபோது வெளியே வந்தவர், அடுத்தடுத்து மூன்று வேலையில் சேர்ந்து மூன்றையும் தொலைத்தார். காரணம் ஒன்றுதான். கெட்டுப்போன சாமானைக் கண்டால் மனுஷனால் சும்மா இருக்க முடியாது. கடைசியாக இருந்த துணிக்கடையில், கதவு மெதுவாக மூடுகிறதே என்று ஸ்பிரிங்கை முறுக்கிவிட்டார். அன்று மாலை முதலாளியின் மாமியார் நடைபாதையில் போய் விழுந்தார்.

இங்கே வெள்ளிக்கிழமையோடு மூன்று மாதம் முடிகிறது. அன்றுதான் வேலை நிரந்தரம் என்று லெட்டர் வரும்.

“வெள்ளிக்கிழமை வரைக்கும் எதையும் நோண்டாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்,” என்று காலையில் டிபன் டப்பாவைக் கொடுக்கும்போதே மனைவி பஞ்சவர்ணம் சொல்லிவிட்டாள். “இந்த வேலையும் போச்சு, ஐம்பத்தஞ்சு வயசுல உங்களை யாரு எடுப்பா? அந்த ஸ்க்ரூ டிரைவரை இப்படி வைங்க.”

வைத்துவிட்டுத்தான் வந்தார். கீழே மளிகைக் கடையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இரவல் கிடைக்கும் என்பது பஞ்சவர்ணத்துக்குத் தெரியாது.

கரண்ட் போகும்போதெல்லாம் மேலே ஃபேன் மட்டும் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். இருபத்தாறு வருஷ எலெக்ட்ரீஷியனுக்கு அது உறைக்க வேண்டாமா? உறைக்கவில்லை. இந்த லைனில் லோடு தாங்கவில்லை என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார். மதியம் கதிரேசன் சாப்பிடப் போனதும் மேசைக்கடியில் தலையை விட்டார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் குங்குமத்தோடு, ஒரு பழைய யூபிஎஸ் தூசி மண்டிக் கிடந்தது. திறந்தால், உள்ளே பாட்டரி உப்பிப்போய் செத்திருந்தது.

அப்புறம் கேட்க வேண்டுமா? சிம் லிம் டவருக்கு ஓடிப்போய் புதுப் பாட்டரி வாங்கி வந்தார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. பச்சை விளக்கு எரிந்தபோது சின்னராசுவுக்குக் கண் கலங்கிவிட்டது. கம்ப்யூட்டரையும் மேசை விளக்கையும் அதிலேயே செருகினார்.

செவ்வாய்க்கிழமை லீலா வந்தாள். பழைய வாடிக்கை. இரண்டாவது மகள் கவிப்ரியாவுக்கு வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை அகிலன், பொங்கோலில் வீடு, நல்ல வேலை.

கதிரேசன் திரையைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“ஏழாம் இடத்துல பார்த்தீங்கன்னா…”

எதுவும் அணையவில்லை. மேசைக்கடியிலிருந்து மட்டும் ‘கீக்… கீக்…’ என்று ஒரு சத்தம்.

“ஏழாம் இடத்துல…” என்றார் மறுபடியும். கீக். நெற்றியில் வேர்வை துளிர்த்தது.

லீலா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று முகம் மலர, “ரொம்ப நன்றிங்க ஐயா! என் வயித்துல பாலை வார்த்தீங்க!” என்று துள்ளிக் குதிக்காத குறையாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

“நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையேய்யா?” என்று கதிரேசன் விழித்தார்.

சின்னராசு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். “இனிமே கரண்ட் போனாலும் கவலையில்லை ஐயா! கீக் கீக்னு கத்திக்கிட்டே பொட்டி தாங்கும்!”

“யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?” என்று சீறிய கதிரேசன், என்ன நினைத்தாரோ, குரலை இறக்கினார். “இல்ல… அந்தச் சத்தம் எனக்கு ஆகாது.”

“சத்தம்தானே? நிறுத்திடலாம்லா!”

சாயங்காலத்துக்குள் கத்துகிற பாகத்தைக் கழற்றி எறிந்துவிட்டார்.

புதன்கிழமை ஜூரோங்கிலிருந்து துரைசாமி வந்தார். மகள் திவ்யதர்ஷினிக்கு ஒரு வரன். மாப்பிள்ளை ஜாதகத்தைத் தட்டினால், அதே பொங்கோல், அதே அகிலன்! கதிரேசனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் சொல்வது இந்தத் தொழிலில் கூடாது. நாற்காலியில் நெளிந்தார். இந்த முறை ‘கீக்’ கூட வரவில்லை. துரைசாமி மேசையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எழுந்துவிட்டார்.

“போதும் ஐயா. மனசு நிறைஞ்சிடுச்சு.”

“உட்காருங்க, நான் இன்னும்…” என்பதற்குள் ஆள் எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கம் நடையைக் கட்டிவிட்டார்.

“அந்தப் பொட்டி எவ்வளவு நேரம் தாங்கும்?” என்று கதிரேசன் பல்லைக் கடித்தார்.

“பதினஞ்சு நிமிஷம் ஐயா.”

“அவ்வளவுதானா?” அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. சின்னராசு அதை ஏளனம் என்று எடுத்துக்கொண்டார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடாமல் கிடந்த ஒரு மோட்டார் சக்கர நாற்காலியிலிருந்து தடித்தடியாக இரண்டு பாட்டரியைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கி, அன்று மாலையே அந்தப் பொட்டியோடு சேர்த்துவிட்டார்.

வியாழக்கிழமை சைனாடவுனிலிருந்து லட்சுமி. கையில், சொல்லவே வேண்டாம், அதே அகிலன்.

கதிரேசன் பதினாறு நிமிஷத்துக்குப் பேசத் தீர்மானித்து மேஷத்தில் ஆரம்பித்தார். மீனத்துக்கு வந்தார். விளக்கு அணையவில்லை. ராகு, கேது, குளிகன் என்று ஐம்பது நிமிஷம் ஓட்டினார். தொண்டை கட்டிக்கொண்டது. லட்சுமி இரண்டு தடவை தூங்கி விழித்தாள்.

“போதும் ஐயா. இதுக்கு மேல என்ன வேணும்!” என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலை கதிரேசன் சின்னராசுவை உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் லெட்டர் இருந்தது. கையெழுத்துதான் பாக்கி.

“சிங்கப்பூர்ல கரண்ட் எங்கய்யா போகுது?” என்றார் கம்மிய குரலில். “என் கால் கட்டைவிரல்தான்யா போறதும் வர்றதும்!” கீழே விரிப்பை ஒதுக்கிக் காட்டினார். அங்கே ஒரு சுவிட்ச். “கெட்டதை வாயால சொல்ல எனக்குத் தைரியம் கிடையாது. தட்டிட்டு, அடுத்த வாரம் வாங்கம்பேன். அதுக்குத்தான் அந்தப் பாட்டரியைச் சாக விட்டு வச்சிருந்தேன். நீங்க வந்து…”

சின்னராசுவுக்குப் பஞ்சவர்ணத்தின் முகம்தான் கண்முன் வந்து நின்றது.

அதற்குள் மாடிப்படி தடதடத்தது. லீலா, துரைசாமி, லட்சுமி, மூவர் கையிலும் பழத்தட்டு. முன்னால் அகிலனின் அம்மா, மூச்சு வாங்க.

“அலமாக்! மூணு வீட்டுலயும் சரின்னுட்டாங்க! எனக்கு இருக்கிறது ஒரே பையன்லா!”

“நாங்கதான் முதல்ல பார்த்தோம்!” என்றாள் லீலா.

“முதல்ல பார்த்தா என்ன? எங்களுக்கும் இங்கதான் அமைஞ்சுது!” என்றார் துரைசாமி.

“எனக்கு ஐம்பது நிமிஷம்!” என்றாள் லட்சுமி.

“ஐயய்யோ, நான் யாருக்குமே சரின்னு சொல்லலைங்க!” என்று கதிரேசன் அலறினார். யாரும் காதில் வாங்கவில்லை. வேறு வழி தெரியாமல் சின்னராசுவின் பக்கம் விரலை நீட்டினார். “எல்லாம் இந்த ஆளு பண்ணின வேலை! பாட்டரி வச்சு கரண்டே போகாம பண்ணிட்டாரு. இன்னையோட இவருக்கு இங்க வேலை இல்லை!”

லெட்டரை இரண்டாகக் கிழித்துப் போட்டார்.

சின்னராசு டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டார். வீட்டில் என்ன சொல்வது? தலையைக் குனிந்துகொண்டு வாசலுக்கு நடந்தார்.

லீலா ஓடிவந்து குறுக்கே நின்றாள். கையிலிருந்த பழத்தட்டை அப்படியே அவரிடம் நீட்டிவிட்டு, கதிரேசனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இவரையா போகச் சொல்றீங்க? ஜாதகம் பார்க்க எங்ககிட்ட போன் இல்லையா? பேசறப்போ விளக்கு அணைஞ்சா அந்த வரன் வேணாம், எரிஞ்சா முடிச்சிடலாம்னு, பதினஞ்சு வருஷமா அதைப் பார்க்கத்தான் உங்ககிட்ட வர்றோம். விளக்கு இவரு கையிலதான் இருக்குன்னா, எங்களுக்கு ஜோசியர் இவருதான்லா!”