மேனேஜர் காணாமல் போன விஷயமாக மாப்பிள்ளைக்கு

மதிப்புக்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமா என்று தெரிவிக்கவும். அதை மனிதர் படிக்கும்படி தெரிவிப்பதா, மெஷின் படிக்கும்படி தெரிவிப்பதா என்று உங்கள் கம்ப்யூட்டர் குழு இன்னும் ஓட்டுக்கு விடவில்லை என்பதால் எனக்கு அவசரமில்லை. மூன்றாமவர் எங்கள் பூனை மேனேஜர். காலை ஒன்பது மணிக்கு நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, மாலை ஐந்து வரை ஒரு துரும்பையும் கிள்ளிப் போடாமல் எல்லோரையும் முறைப்பதால் உங்கள் அத்தை வைத்த பெயர் அது. பதினொரு வாரம் காணாமல் போயிருந்தவர் நேற்று வீடு வந்து சேர்ந்தார். உங்கள் குழுவின் தயவால் அல்ல. உங்கள் குழு இருந்தும். எனவே குழுவிலிருந்து நான் விலகிக்கொள்கிறேன். காரணம் கேட்பீர்கள். சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

பெயின்ட் அடிக்க ஆட்கள் வந்த அன்று கதவு திறந்தே கிடந்ததில் வெளியே போன மேனேஜர் திரும்பவில்லை. உங்கள் அத்தை "மேனேஜர்! மேனேஜர்!" என்று கூப்பிட்டுக்கொண்டே கடைவீதி முழுக்க நடந்ததில், ஒரு பேங்கிலிருந்து கண்ணாடி போட்டவர் ஒருவர் "என்னம்மா ஆச்சு?" என்று பதறிக்கொண்டு வெளியே வந்ததுதான் மிச்சம். அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பால் தட்டைக் கழுவி நிரப்பி வைப்பாள், மறுநாள் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவாள். பார்க்கச் சகிக்காமல் நான் நாலு தாளில் எழுதி விளக்குக் கம்பத்தில் ஒட்டப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தபோதுதான் என் போதாத நேரம், உங்கள் போன் வந்தது.

"மாமா, இந்தக் காலத்துல போய்க் கம்பத்துல ஒட்டுறீங்களே! கால்நடை ஆஸ்பத்திரி வெப்சைட்ல எல்லாம் காணாமப் போனது, கிடைச்சது ரெண்டுமே போடுறாங்க. மனுஷன் படிச்சாப் புரியும், மெஷினுக்குப் புரியாது. அதனால பக்கத்துக்கு உள்ளயே, கண்ணுக்குத் தெரியாம, இது நிறம், இது வயசு, இது தேதின்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு ஒட்டிடணும். எல்லாரும் ஒரே மாதிரி ஒட்டினா மெஷினே ஜோடி சேர்த்துடும். அந்த ஒரே மாதிரி எதுன்னு முடிவு பண்ணத்தான் எங்க குழு. நீங்களும் வாங்க. சாதாரண மக்கள் தரப்புல ஒருத்தர் வேணும்" என்றீர்கள். நாற்பது வருஷம் தபால் பிரித்தவன் நான். "பெரிய மரத்துக்கு எதிர்வீடு" என்று மட்டும் எழுதி வந்த கடிதத்தை, மரத்தை வெட்டி எடுத்த பிறகும் சரியான வீட்டில் சேர்க்கவைத்தவன். என்னைச் சாதாரண மக்களாகப் பதவி உயர்த்தியதற்கு மிக்க நன்றி.

கூட்டம் எங்கே? கால்நடை டாக்டரின் ஸ்டோர் ரூமில், நாய்த்தீனி மூட்டைகளுக்கு நடுவே. நீங்கள் சுவரில் மாட்டிய திரையில் வருவீர்கள். பெரும்பாலும் நெற்றி மட்டும். ஆஸ்பத்திரி வெப்சைட்டில் எனக்கென்று கொடுத்த பக்கத்தில் முதல் வரைவு விதிப்படி நானே சீட்டு ஒட்டினேன். பெயர்: மேனேஜர். நிலை: இல்லை. இடம்: எங்கள் தெரு. மெஷின் படித்துப் புரிந்துகொண்டது. எங்கள் வீட்டில் மேனேஜர் வேலை காலி என்று ஊருக்கெல்லாம் அறிவித்தது. மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் டை கட்டி, பைலோடு வந்து வாசலில் நின்று, "வேலை நேரம் என்னம்மா?" என்று கேட்க, அழுது வீங்கிய கண்ணோடு உங்கள் அத்தை எரிந்து விழுந்தாள்: "ஒன்பதுலேர்ந்து அஞ்சு! நாற்காலியில உட்கார்ந்து முறைச்சாப் போதும்!" அவர், "நாளைக்கே சேர்ந்துடறேன்மா" என்றார். இதை நான் கூட்டத்தில் சொன்னபோது நீங்கள் அனுதாபம் தெரிவிப்பீர்கள் என்று பார்த்தேன். "சூப்பர் மாமா, நல்ல டெஸ்ட் கேஸ்" என்றீர்கள்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் தெய்வமே இறங்கி வந்தாலும் நம்பாது. "உரிமையாளர்" என்ற சீட்டுக்கு ஒரு முழு மாலை போயிற்று. புரோகிராம் எழுதும் தாடிக்காரர் எழுந்து, பூனைக்கு மனிதன் உரிமையாளனா, மனிதனுக்குப் பூனை உரிமையாளனா என்று ஒரு கேள்வியைப் போட்டார். ஓட்டு ஏழுக்கு ஏழு. கடைசியில் "உடன் வசிப்பவர்" என்று சமாதானமாகி (அதில் என் அடையாளமாக "கதர்த் துண்டு" என்று எழுதினேன்), பதினைந்து நாள் கழித்து அந்தப் பெயரையும் மாற்றினீர்கள். நிறத்துக்குப் பெயின்ட் கடை அட்டையை வரவழைத்து, மேனேஜர் இஞ்சி நிறமா துரு நிறமா என்று ஆளுக்கொரு கட்டம் காட்டினீர்கள். "வால் நுனி" என்று தனிச் சீட்டு வேண்டுமா, அது "வால்" என்பதற்குள்ளேயே அடங்குமா என்பதற்கு மூன்று கூட்டம். நான் கை தூக்கி, "ஐயா, அதுக்குள்ள பூனைக்கு வயசாயிடும்" என்றேன். "வயசு அடுத்த வாரம் மாமா, இன்னைக்கு அஜெண்டாவுல இல்ல" என்றீர்கள். ஆறு வரைவு வந்தது. ஆறு தடவை பழைய சீட்டைக் கிழித்துப் புதுச் சீட்டு ஒட்டினேன். தினமும் காலையில் உங்கள் அத்தை காபியோடு வந்து பின்னால் நிற்பாள். மெஷின் சொல்லும்: பொருத்தம் இல்லை. அவள் போய்ப் பால் தட்டைக் கழுவுவாள்.

நேற்றைய கூட்டத்துக்கு வாருங்கள். "சுபாவம்" என்ற சீட்டில் என்னென்ன எழுதலாம் என்பதற்கு உதாரணம் காட்ட, குழுவில் என் பக்கத்து நாற்காலிக்காரரான பல் டாக்டர் அம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். தன் கிளினிக் வாசலில் பத்து வாரத்துக்கு முன் கிடைத்த பூனையாம், விதிப்படி வெப்சைட் பக்கத்தில் போட்டும் யாரும் தேடி வரவில்லையாம். மூடியைத் திறந்தார். மேனேஜர்! அதே இஞ்சி நிறம், அதே முறைப்பு. பத்து வாரமாக இந்த அம்மாவும் நானும் ஒரே பிஸ்கட் தட்டிலிருந்து எடுத்துத் தின்றுகொண்டு, பூனையை எப்படிக் கண்டுபிடிப்பது என்று விவாதித்திருக்கிறோம்!

"இது எங்க பூனை!" என்று நான் கத்தினேன். தாடிக்காரர் மடிக்கணினியைப் பார்த்துவிட்டு, "சார், வால் நுனி பொருந்தலை. நீங்க வெள்ளைன்னு போட்டிருக்கீங்க, மேடம் இஞ்சின்னு போட்டிருக்காங்க" என்றார். "அழுக்கா இருக்கும், குளிப்பாட்டினா வெளுத்துடும்" என்றேன். பல் டாக்டர் அம்மாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "நான் வாரா வாரம் குளிப்பாட்டுறேன் சார். பேஷன்ட் உட்கார்ற சீட்லதான் தூங்கும்" என்றார். சுவரிலிருந்த உங்கள் நெற்றி பேசியது: "மாமா, உணர்ச்சிவசப்படாதீங்க. டேட்டா என்ன சொல்லுதோ அதுதான். ஓட்டுக்கு விடலாம்."

என் பூனையை எனக்குக் கொடுப்பதற்கு ஓட்டு! மாப்பிள்ளை என்று பார்க்கிறேன், இல்லாவிட்டால் அந்தத் திரையின் ஒயரைப் பிடுங்கியிருப்பேன். மற்றவர்கள் கை தூக்குவதா, சீட்டில் எழுதிப் போடுவதா என்று பேச ஆரம்பித்த இடைவெளியில் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினேன். அறுபத்தெட்டு வயதில் இரண்டு தெரு ஓடினேன். உங்கள் அத்தை கதவைத் திறந்து, கூடையைப் பார்த்து, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கொஞ்சம் குண்டாயிட்டான்ங்க. கூப்பிட்டாத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேங்கிறான், நம்ம மேல கோபம்போல" என்று சொல்லிக்கொண்டே அவனை மடியில் போட்டுத் தடவினாள். ராத்திரி இரண்டு கரண்டி அதிகம் சாப்பிட்டாள். இதை எந்தச் சீட்டில் எழுதுவது என்று உங்கள் ஏழாவது வரைவில் சொல்லவும்.

ஆக, கண்ணால் பார்த்ததை நம்பாமல் மெஷினைக் கேட்கும் கூட்டத்தில் எனக்கு இனி வேலையில்லை. இந்தக் கடிதத்தையே ராஜினாமாவாக வைத்துக்கொள்ளவும். நீங்களும் என் மகளும் சண்டையில்லாமல், ஓட்டெடுப்பில்லாமல், வேளாவேளைக்குச் சாப்பிட்டு நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
(சாதாரண மக்கள், ஓய்வு)

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சமையலறை ஜன்னல் வழியாக மேனேஜர் குதித்தார். எலும்பும் தோலுமாக, காதில் ஒரு கீறலோடு, வெள்ளை வால் நுனியோடு. நேரே நாற்காலிக்குப் போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். இருவரும் முறைத்துக்கொண்டார்கள். உங்கள் அத்தை என்னை முறைத்தாள். மெஷின் பத்து வாரமாகச் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. இது போதாதென்று பல் டாக்டர் அம்மா நேற்றே தன் பக்கத்தில் "பூனை திருட்டு" என்று ஆறாவது வரைவுப்படி அட்சர சுத்தமாகச் சீட்டு ஒட்டியிருக்கிறார். அதில் திருடன் அடையாளமாகப் போட்ட கதர்த் துண்டையும் என் பக்கத்தில் இருக்கும் கதர்த் துண்டையும் மெஷின் ஒரே நொடியில் ஜோடி சேர்த்து என் விலாசத்தைக் காட்டுகிறதாம். ராஜினாமாவைப் படிக்காததாகப் பாவித்துக்கொள்ளவும். "திருட்டு" என்பதற்கும் "காணவில்லை" என்பதற்கும் நடுவில் "நல்லெண்ணத்தோடு தூக்கிச் செல்லப்பட்டது" என்று ஒரு சீட்டு அவசரமாகத் தேவை. வியாழக்கிழமைக் கூட்டத்தில் நான் முன்மொழிகிறேன். எத்தனை மணி நேரமானாலும் விவாதிக்கலாம். மாப்பிள்ளை தயவுசெய்து வழிமொழியவும்.