இடது பக்க ஸ்டேரிங்கும் வலது பக்க மாப்பிள்ளையும்

அமெரிக்காக்காரன் காருக்கு ஸ்டேரிங்கை இடது பக்கம் வைத்தது அவன் ஊர் சவுகரியத்துக்காக. அதனால் ஓசூரில் ஒருவனுக்குப் பெண் கிடைக்காமல் போகலாம் என்றெல்லாம் அவன் யோசித்திருக்க நியாயமில்லை. யோசித்திருக்க வேண்டியவன் நான். எனக்கு அப்போது அந்தப் பழக்கம் இல்லை. (இப்போதும் இல்லை என்று வீட்டில் ஒரு கருத்து உண்டு.)

எண்பதுகளின் நடுவில் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. பதவியின் பெயர் டிரெய்னி சூப்பர்வைசர். நான் யாரையும் மேற்பார்வை பார்த்ததில்லை. எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். குடியிருந்தது காதர் பாய் வீட்டு மாடி அறையில். பாய்க்கு ராயக்கோட்டையில் தக்காளி மண்டி. பீடி கிடையாது, பாக்கு கிடையாது, யாரையும் அதட்டிப் பேசமாட்டார். ஒரே கெட்ட சகவாசம், அந்த அமெரிக்கக் கார்.

காரின் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்தவரின் பேரன் யாராவது அங்கே உட்கார்ந்து தமிழ் படித்துக்கொண்டிருந்தால் மனசு கஷ்டப்படும். எங்கள் பக்கத்தில் அதைப் படகு கார் என்பார்கள். முன்பக்கம் ஓசூரில் இருக்கும்போது பின்பக்கம் கர்நாடகத்து அத்திப்பள்ளியில் இருக்கும். செக்போஸ்ட்டில் எந்த மாநிலத்து வரியை வாங்குவது என்று இரண்டு தரப்பும் குழம்பும் அளவுக்கு நீளம்.

அதன் சரித்திரம் முழுக்கப் பாய்க்கு மனப்பாடம். வண்டி எங்கே நின்றாலும் தொடங்கிவிடுவார். வண்டி அடிக்கடி நிற்கும் என்பதால் எனக்கும் மனப்பாடம்.

"மொதல்ல குதிரை வண்டி செஞ்சவங்க தம்பி. அப்புறம் சண்டைக்கு லாரி செஞ்சாங்க. அப்புறம்தான் காரு. அமெரிக்காவுல பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் இதுலதான் போவாங்க."

"இப்ப என்ன செய்யறாங்க பாய்?"

"இப்ப கம்பெனியே இல்ல. மூடிட்டாங்க." இதைச் சொல்லும்போதுதான் அவர் முகத்தில் பெருமை பொங்கும். "நம்மகிட்ட இருக்கு பாத்தியா."

கம்பெனி இல்லை என்றால் உதிரி பாகமும் இல்லை. ஒவ்வொரு பாகத்தையும் ஓசூர் லேத் பட்டறைகளில் கடைந்து கடைந்து, அந்தக் காரில் அமெரிக்கா என்று மிஞ்சியிருந்தது அனேகமாக ஹாரன் மட்டும்தான். அதுவும் அடிக்காது.

பாய்க்கு முன்னால் அதை வைத்திருந்தவர்களின் அனுபவமும் ஒரு தனிச் சரித்திரம். முதலில் சிக்மகளூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட் முதலாளி. மலை வளைவுகளில் அது ஒரே மடக்கில் திரும்பாது. திருப்பி முடிப்பதற்குள் பின்னால் வந்தவர்கள் எல்லாம் இறங்கி வந்து ஆளுக்கொரு யோசனை சொல்வார்களாம். அவரிடமிருந்து பெங்களூரில் ஒரு சினிமா கொட்டகைக்காரர் வாங்கினார். கொட்டகை வசூல் பெட்ரோல் பங்க்கில் போய் முடிந்தது. அடுத்து பர்கூரில் ஒரு கிரானைட் குவாரிக்காரர். ஓடும்போது கதவு தானாகத் திறந்துகொள்கிறது என்று அவர் சம்சாரம் அதில் ஏற மறுத்துவிட்டார். பாய் வாங்கிய பிறகு அந்தக் கதவைப் பற்றிக் கேட்கப் போனாராம். "ஆமாங்க, அது அப்படித்தான்" என்று குவாரிக்காரர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். விற்ற அத்தனை பேரும் சிரித்த முகத்தோடு விற்றதாகப் பாய் சொல்வார். ராசியான வண்டி என்பதற்கு அவருக்கு அதுவே சாட்சி.

இதில் எனக்கு ஒரு உத்தியோகம் இருந்தது. இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு, முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே என்ன வருகிறது என்று தெரியாது. வலது பக்கம் ஒருவன் உட்கார்ந்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்து, "போலாம் பாய்" என்றோ "வேணாம் பாய்" என்றோ சொல்லவேண்டும். பாய் அந்த வண்டியின் கை, கால். நான் கண்.

இந்த நிலையில்தான் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடானது.

பெண் எனக்குப் புதியவள் அல்ல. காவேரிப்பட்டணத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கையில் ரச வாளி இருந்த ஒரே காரணத்தால், ரசமே பிடிக்காத நான் திரும்பத் திரும்ப ரசம் கேட்டேன். கடைசியில், "ரசம் அவ்வளவு பிடிக்குமா, இல்ல மோர்னு ஒண்ணு இருக்கறதே தெரியாதா?" என்றாள். அன்றைக்கு விழுந்தவன்தான். பெயர் சுகுணா, வீடு கிருஷ்ணகிரி என்று விசாரித்து, அம்மாவை நச்சரித்து, உறவில் ஒருவரைத் தூது விட்டு, ஜாதகம் பொருந்தி, கடைசியில் நின்றது அவள் அப்பாவிடம்.

அப்பா முனிரத்தினம் அரசு பஸ் டிரைவர். சர்வீஸில் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. விபத்தில்லாமல் ஓட்டியதற்காக அந்த வருஷம் டிப்போவில் அவருக்குப் பதக்கம் கொடுப்பதாக இருந்தார்கள். நிதானமில்லாதவனுக்குப் பெண் கிடையாது என்பதில் உறுதியாக இருந்தார். ஏற்கெனவே வந்த ஒரு மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளை ஸ்டாண்ட் போடாமல் சுவரில் சாய்த்தான் என்பதற்காக, காபியோடு திருப்பி அனுப்பியவர். அவர் சம்மதித்தால் உண்டு, இல்லையென்றால் சுகுணா வேறு யாருக்காவது ரசம் ஊற்றப் போய்விடுவாள்.

"அம்மா அப்பா தர்மபுரியிலிருந்து நேரா வந்துடுவாங்க பாய். நான் இங்கருந்து பஸ்ல போயிடறேன்" என்றேன்.

"பொண்ணு பாக்கற மாப்பிள்ள பஸ்ல போறதா? மானத்த வாங்காத தம்பி. நம்ம வண்டி எதுக்கு இருக்கு?"

எதற்கு இருக்கிறது என்று அன்று மாலைக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது.

முதல் ஷிப்ட் முடித்து, யூனிபாரத்தோடு அப்படியே ஏறிவிட்டேன். புதுச் சட்டை மடியில். சூளகிரி தாண்டி நல்ல நேர் ரோடு வந்ததும், இதுதான் சமயம் என்று யூனிபாரத்தைக் கழற்றிவிட்டுப் புதுச் சட்டையைத் தலைவழியாக மாட்டினேன். பட்டனைக் கழற்றாமல் மாட்டினால் சீக்கிரம் வேலை முடியும் என்பது என் கணக்கு. தலை கழுத்துப் பட்டனில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் மேலே. முகம் சட்டைக்குள்ளே. எதிரே ஒரு ஹாரன் நீளமாக, விடாமல், அழுகிற மாதிரி அடித்தது. திமிறித் தலையை வெளியே எடுத்தால், எதிரே வந்த அரசு பஸ் பக்கத்தில் வந்துவிட்டது. அதன் டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்க்கிறார்.

வண்டியின் அழகைப் பார்த்து அசந்துவிட்டார் என்று நினைத்தேன். பெண் பார்க்கப் போகும் சந்தோஷம் வேறு. பல்லெல்லாம் தெரியச் சிரித்து, இரண்டு கையையும் கூப்பி அவருக்கு ஒரு வணக்கம் வைத்தேன்.

"அந்த பஸ்காரரு ஏன் தம்பி அப்படிப் பாத்தாரு?"

"வண்டிக்கு மரியாதை பாய்."

மேலுமலை ஏறுவதற்குள் வண்டி கொதித்துவிட்டது. மூடியைத் திறந்தால் பொங்கல் பானை. பாய் குதிரை வண்டியிலிருந்து சரித்திரத்தை ஆரம்பித்தார். நான் தகர டின்னை எடுத்துக்கொண்டு, தோட்டத்தில் கிணறு தேடிப் போனேன். தோட்டக்காரர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். தெரிந்த தெலுங்கில் பதில் சொன்னேன். அவர் தமிழில் சிரித்துவிட்டுத் தண்ணீர் இறைத்துக் கொடுத்தார். இப்படிப் பல நடை. புதுச் சட்டை பழைய சட்டையானது.

ஒருவழியாகக் கிருஷ்ணகிரி. சுகுணா வீட்டுச் சந்துக்குள் கார் நுழையாது என்று ஒரு பார்வையிலேயே பாய் சொல்லிவிட்டார். "நீ எறங்கிப் போ. நான் திருப்பி நிறுத்திட்டு வர்றேன்" என்றார். அந்தக் காரைத் திருப்ப அவர் பர்கூர் ரோடு வரைக்கும் போகவேண்டியிருந்தது.

உள்ளே அம்மா, அப்பா, சுகுணாவின் அம்மா, உறவுக்காரர்கள் நாலைந்து பேர். முனிரத்தினம் இன்னும் டியூட்டி முடித்து வரவில்லை. வழக்கமாகச் சேலம் ரூட். இன்று ஒருத்தர் லீவு என்று ஓசூருக்கு மாற்றிவிட்டார்களாம். (இதைக் கேட்டும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.) கேசரியை வாயில் வைத்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம். காக்கிச் சட்டையோடு முனிரத்தினம் உள்ளே வந்தார். யாரையும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நாற்காலியில் விழுந்து தண்ணீர் கேட்டார்.

"இன்னிக்கு ஒருத்தனப் பாத்தங்க. இவ்ளோ பெரிய காரு. ஸ்பீடா வர்றான். ஓட்டறவன் சட்டையக் கழட்டி மூஞ்சிய மூடிட்டு, ரெண்டு கையையும் தூக்கிட்டு வர்றான். பக்கத்துல ஒரு பெரியவரு, பாவம், உசுரக் கையில புடிச்சிட்டு ஒக்காந்திருக்காரு."

"அய்யய்யோ" என்றாள் என் அம்மா.

"கேளுங்க. ஹாரன் அடிச்சேன். தலைய வெளிய எடுத்தான். சரி, புத்தி வந்திடுச்சின்னு நெனச்சா, ரெண்டு கையையும் விட்டுட்டு எனக்குக் கும்பிடு போடறான்."

"பெத்தவங்க என்னத்த வளத்தாங்களோ" என்றாள் என் அம்மா.

"திரும்பி வர்றப்ப மேலுமலைகிட்ட வண்டி நிக்குது, பெரியவரு மட்டும் தனியா நிக்கறாரு. ஓட்டனவனக் காணோம். முடிஞ்சான்னு நெனச்சேன்." தண்ணீரைக் குடித்து முடித்து, தோளில் கிடந்த துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது கிடக்கட்டும். மாப்பிள்ள யாரு?" என்றார்.

கேசரி தொண்டையில் இருந்தது. பேச்சு வரவில்லை. பேச்சு வராத இடத்தில் மனிதன் என்ன செய்வான்? எழுந்து நின்று, இரண்டு கையையும் கூப்பி வணக்கம் வைத்தேன்.

அவர் கையிலிருந்து சொம்பு விழுந்தது.

அதற்குப் பிறகு நான் பேசியதை என் அப்பாகூட நம்பவில்லை. "ஸ்டேரிங் இடது பக்கம்ங்க, நான் ஓட்டலைங்க, நான் கண்ணுங்க" என்றேன். நான் கண் என்று சொன்னதைக் கேட்டு, எனக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று அவர்கள் கவலைப்பட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. "லெஃப்ட் ஹேண்ட் வண்டின்னு கேள்விப்பட்டிருக்கேன். இருந்தாக் காட்டு" என்றார் முனிரத்தினம். ஊரே கிளம்பிச் சந்து முனைக்கு வந்தது. அங்கே கார் இல்லை. ஒரு எண்ணெய்த் திட்டு மட்டும் இருந்தது.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் எண்ணெய்த் திட்டைப் பார்த்தேன்.

பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து ரோட்டில் கார் வந்தது. வலது பக்க சீட் காலி. ஆளே இல்லாமல் கார் வருகிறது என்று பெண்கள் ஒதுங்கினார்கள். நின்றதும் இடது பக்கக் கதவு தானாகத் திறந்தது, பாய் இறங்கினார். முனிரத்தினம் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். உள்ளே குனிந்தார். ஸ்டேரிங்கைத் தொட்டார். அவர் முகத்தில் இருந்த கோபம் மெல்ல இறங்கி, அந்த இடத்தில் வேறொன்று ஏறியது. அதை நான் பாயின் முகத்தில் தினமும் பார்த்திருக்கிறேன்.

"பாய், ஒரு தடவ ஓட்டட்டா?"

"தாராளமா ஓட்டுங்க. சந்துக்குள்ள மட்டும் வேணாம்."

"பஸ்ஸையே சந்துல விட்டு எடுத்தவன் பாய் நானு. நம்ம வீட்டு வாசல்ல நிறுத்தறேன் பாருங்க. தம்பி, ஏறு. நீதான் கண்ணாமே. வலது பக்கம் பாத்துச் சொல்லு."

கெட்டுப்போன பெயரை மீட்கக் கடவுள் கொடுத்த வாய்ப்பு. தலையை வெளியே நீட்டிக்கொண்டேன். "வாங்க. வாங்க. இடமிருக்கு, வாங்க." வண்டி அங்குலம் அங்குலமாக நகர்ந்தது. அவர் வீட்டு மதில் சுவர் என் பக்கத்தில் வந்தது. அப்போது கேட்டுக்கு வெளியே சுகுணா வந்து நின்றாள். அன்றைக்கு முழுக்க அவளை அப்போதுதான் பார்க்கிறேன். உள்ளங்கையை விரித்து, கையை உயர்த்தி என்னிடம் காட்டினாள்.

இத்தனை கூத்துக்குப் பிறகும் எனக்குக் கை காட்டுகிறாள் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. நானும் கை காட்டினேன். "வாங்க மாமா, தாராளமா வாங்க" என்றேன்.

மதில் சுவர் மெதுவாக, தூங்கப் போகிறவர் மாதிரி, உள்பக்கமாகச் சாய்ந்து படுத்தது.

தூசி அடங்கியபோது பாய் காரைத் தடவிப் பார்த்து, "ஒரு கீறல் இல்ல. அமெரிக்கா இரும்பு" என்றார். முனிரத்தினம் ஸ்டேரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தார். ஒரு கோழியைக்கூட அடிக்காத கை. நான் பஸ் நிலையத்துக்கு எந்தப் பக்கம் போகவேண்டும் என்று யோசிக்கத் தொடங்கினேன்.

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்துவிட்டார். அவர் தம்பி டிப்போவில் கிளார்க். அங்கே சொன்னால் பதக்கம் வருமோ வராதோ, பேச்சு நிச்சயம் வரும்.

"என்னாங்க இது, சுவரு போச்சு?"

முனிரத்தினம் காரிலிருந்து இறங்கினார். சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பாசம் துளியும் இல்லை என்பதைச் சத்தியம் செய்து சொல்வேன்.

"போகலைங்க. எடுத்துட்டோம்" என்றார். "பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கோம். பந்தல் போட எடம் பத்தல."

"அப்படியா, சொல்லவே இல்லையே. மாப்பிள்ள?"

அவர் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரம் எனக்கு ஒரு ஷிப்ட் மாதிரி இருந்தது.

"இதோ, இவருதான்."

சுகுணா அதற்குள் உள்ளே ஓடிவிட்டாள். வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பை அடக்க முடியாமல் ஓடினாளாம்.

பதக்கம் வந்தது. பந்தலும் அதே இடத்தில்தான் போட்டார்கள். சுவர் இல்லாததால் உண்மையிலேயே தாராளமாக இருந்தது. எங்கள் பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கும் இந்த நாளிலும், உங்களுடையது காதல் கல்யாணமா, பெரியவர்கள் பார்த்து வைத்ததா என்று யாராவது கேட்டால், சுகுணா என்னை முந்திக்கொண்டு பதில் சொல்லிவிடுவாள்.

"ரெண்டும் இல்லீங்க. எங்கப்பா சுவத்துக்குக் காரணம் சொல்லப் போயி என்னக் கட்டிக் குடுத்துட்டாரு."