ஜிகினாச் சித்தருக்குப் பாத பூசை

மரக்காணத்தில் நோய் தீர்க்க ஒரு சித்தர் வந்து இறங்கினார். ஜிகினாச் சித்தர் என்று பெயர். அனுமந்தைச் சாலையில் ஏ.சி. போட்ட கொட்டகை. ஆஸ்பத்திரி வரிசையில் சலித்துக்கொள்கிறவர்கள் எல்லாம் இங்கே சிரித்த முகத்தோடு நின்றார்கள்.

வைத்தியம் எளிது. மாத்திரை அட்டையின் பின்பக்க வெள்ளித் தாளைக் கிழித்துத் தரவேண்டும். சித்தர் பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி, பட்டு சுற்றிய பெரிய கலசத்தின் மேல் கை வைப்பார். தாடியும் சடையும் முள்ளம்பன்றியாகச் சிலிர்க்கும். கலசத்தின் தலையில் வைத்த தாள்கள் ஒவ்வொன்றாக எழும்பிப் பறக்கும். பறந்தது தாள் அல்லவாம், நோயாம். இனி மாத்திரையே வேண்டாம். காணிக்கை மட்டும் பறக்காமல் உண்டியலில் தங்கும்.

உப்பளத் தொழிலாளி அமராவதியின் சர்க்கரை நோயும் இப்படித்தான் பறந்தது. மாத்திரையைக் குப்பையில் போட்டவள், சில நாளில் உப்புப் பாத்தியில் மயங்கி விழுந்தாள். மகள் செந்தமிழ் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கண் திறந்ததும் அமராவதி கேட்டது, சித்தரை மறுபடி எப்போது பார்க்கலாம் என்று.

செந்தமிழ் சண்டை போடவில்லை. கொட்டகைக்குப் போய்க் கவனித்தாள். மழை பெய்தால் சித்தருக்கு மௌன விரதம். முக்காலியில் நிற்கும்போது அவரை யாரும் தொடக் கூடாது. ஒருநாள் மறந்துபோய் முக்காலியில் நின்றபடி இரும்பு உண்டியலைத் தொட்ட சித்தர், பொறி தெறிக்கத் துள்ளினார். செந்தமிழ் செல்போனில் தேடிப் படித்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடும் ஒரு குடத்தோடும் வந்தாள். பாத பூசை செய்ய வேண்டும் என்றாள். எந்தச் சாமிதான் அதை வேண்டாம் என்று சொல்லும்? சித்தர் முக்காலியில் நின்றபடியே காலை நீட்டினார். குடத்தில் இருந்தது உப்புப் பாத்தித் தண்ணீர். அவள் ஊற்றியதும் அது பாதத்தை நனைத்து, முக்காலியின் கால்களில் வழிந்து, தரையெல்லாம் ஓடியது.

சித்தர் கலசத்தில் கை வைத்தார். தாடி படிந்தே கிடந்தது. தாள் அசையவில்லை. மந்திரத்தைச் சத்தமாகச் சொன்னார். தாளுக்குக் காது கேட்கவில்லை.

"சாமி சக்தி எங்க போச்சு?" என்றார் வரிசையில் முதலில் நின்ற வெங்கடாசலம்.

"தரைக்குப் போயிடுச்சுங்க. காஞ்ச இடத்துல கரண்டு சேர்ந்து தாளத் தள்ளுது. ஈரம் பட்டா இறங்கிடுது. சாமி இல்ல, மோட்டார்" என்ற செந்தமிழ், கலசத்தில் சுற்றியிருந்த பட்டுத் துணியை உருவினாள். உள்ளே ரப்பர் பட்டை ஒன்று அலுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடப் பார்த்த சித்தர் வழுக்கி, பூசைத் தண்ணீரிலேயே உட்கார்ந்தார். அமராவதி மகளிடம் மெல்ல மாத்திரை கேட்டாள்.

வெங்கடாசலம் தயங்கித் தயங்கிக் காலி பாட்டிலை நீட்டினார். "சித்தரையே சாய்ச்ச தண்ணி. எனக்குக் கொஞ்சம் ஊத்தும்மா."

"தண்ணியில ஒண்ணும் இல்லீங்க" என்றாள் செந்தமிழ். "கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்குது பாருங்க, அத எடுத்து யூஸ் பண்ணுங்க."