மணல் இறங்கும் வரை

தள்ளாடபுரி என்றொரு நாடு. அங்கே சாராயக்கடை நடத்துபவரும் மன்னர்தான், குடியை விடச் சொல்லிப் புத்திமதிக் கூடம் வைத்தவரும் மன்னர்தான். இதென்ன கூத்து என்று கேட்பவரைப் பிடித்துக்கொண்டு போகவும் அவரிடம் ஆள் இருந்தது.

கூடத்தில் புத்தி சொல்பவள் கோமளவல்லி. வருகிறவரை எவ்வளவு குடிப்பீர் என்று விசாரித்து, மணற்குடுவையைக் கவிழ்த்து வைத்துப் பேசவேண்டும். மணல் முழுக்க இறங்கினால்தான் கஜானா கூலி தரும்.

முதல் ஆளாக வண்டிக்காரர் சங்கிலிமுத்து வந்தார். குடியால் மகள் பூவாயி அவரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"விட்டுருதேன் தாயி. எம்புள்ள அப்பான்னு கூப்பிட்டாப் போதும்."

கோமளவல்லிக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் மணல் கால்வாசிகூட இறங்கவில்லை.

"கொஞ்சம் உக்காருங்கண்ணே."

"எதுக்கு? அதான் விட்டாச்சே. மாடு வெயில்ல நிக்கி" என்று கிளம்பிவிட்டார்.

கோமளவல்லி கூலி கேட்டதற்கு மணல்துறை அமைச்சர் பேரளந்தாரே நேரில் வந்துவிட்டார்.

"அவர் திருந்தியது எமது துறையைச் சார்ந்ததல்ல, அம்மணி. மணல் இறங்கியதா?"

"இல்லீங்க. ஆனா பேசினது பலிச்சிருச்சு."

"பேச்சு கணக்கில் வராது. குடுவைக்கு முன் இருவர் அமர்ந்திருக்க, மணல் இறங்கவேண்டும். சட்டம் அவ்வளவே."

அடுத்த ஆணை: விசாரணையும் புத்திமதியும் ஒரே நாளில் கூடாது. குடியை விட வந்தவர்கள் மறுநாள்வரை சாராயக்கடையில் காத்திருந்தார்கள். அதற்கடுத்த ஆணை: வாடை இல்லாமல் வருபவர் நோயாளி அல்ல. அவர்கள் வசதிக்காகக் கூடத்து வாசலிலேயே மன்னர் ஒரு கடை திறந்தார். மகராசன்!

கோமளவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போங்கடா நீங்களும் உங்கள் கூலியும் என்று, சந்தையிலும் குளத்தங்கரையிலும் சும்மாவே பேசினாள். ஜனங்கள் ஒவ்வொருவராகக் குடியை விட்டார்கள். கடைகளில் ஈ ஓட்டினார்கள். கஜானா காலி.

மன்னர் பதறிப்போய், குடியாமை ஒரு தொற்றுநோய் என்று அறிவித்தார். இனிமேல் கூடத்தில் குடிக்கச் சொல்லித்தான் புத்திமதி; மறுத்தால் கோமளவல்லிக்குச் சிறை.

முதல் நோயாளியாகச் சங்கிலிமுத்துவை இழுத்து வந்தார்கள். முந்தின நாள்தான் பூவாயி அவரை அப்பா என்று கூப்பிட்டிருந்தாள். அவளும் வாசலில் வந்து நின்றாள்.

"தாயி, நீங்க குடின்னு சொன்னா என்னால தட்ட முடியாது" என்றார் சங்கிலிமுத்து.

கோமளவல்லி குடுவையைக் கவிழ்த்தாள். வாயே திறக்கவில்லை. அவரும் பேசவில்லை. அமைச்சர் பார்த்துக்கொண்டிருக்க, மணல் கடைசிப் பொடிவரை இறங்கியது.

"நீர் ஒரு வார்த்தையும் பேசவில்லையே, அம்மணி?"

"பேச்சு கணக்குல வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அமைச்சர் சட்டத்தைப் புரட்டினார். தலையைச் சொறிந்தார். புத்திமதி நிறைவுற்றது என்று முத்திரை குத்தினார்.

"வாங்கப்பா, போலாம்" என்றாள் பூவாயி.

நாடு முழுக்க இதே வைத்தியம் நடந்தது. முத்திரைகளை எண்ணிப் பார்த்த மன்னர், குடிமக்கள் அனைவரும் குடிக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று வெற்றி விழா எடுத்தார். விழாவில் குடித்தவர் அவர் ஒருவர்தான்.